ஏழுமலை, கொளஞ்சி, பாவாடை: எங்கள் பக்கத்துப் பேர்கள்

ஒரு ஆளின் பேரைச் சொன்னால் போதும், எந்தப் பக்கத்து ஆள் என்று எங்கள் ஊர்ப் பெரியவர்கள் சொல்லிவிடுவார்கள். கொளஞ்சி என்றால் விருத்தாசலத்துக்கும் சின்னசேலத்துக்கும் இடையில் எங்கேயோ. பாவாடை என்றால் மேல்மலையனூர் அங்காளம்மனைக் கும்பிடுகிற வீடு. அண்ணாமலை என்றால் திருவண்ணாமலைக்கு வேண்டிக்கொண்டு பிறந்த பிள்ளை. விருத்தகிரி, பழமலை என்று இருந்தால் விருத்தாசலத்துப் பெரிய கோயில்காரர்கள். அந்த ஊருக்கே பழமலை என்றும் ஒரு பழைய பேர் உண்டு. எல்லா நேரமும் இது சரியாக வராது. ஆனால் கள்ளக்குறிச்சி சந்தையில் நாலு பேரிடம் பேர் கேட்டுப் பாருங்கள், மூன்று பேருடைய சாமியாவது தெரிந்துவிடும்.

இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் அக்கா மகள். அயர்லாந்தில், டப்ளினில் வேலை பார்க்கிறாள். பாஸ்போர்ட்டில் குடும்பப் பேர் என்ற கட்டம் இருக்கிறது இல்லையா, நம்மில் பலருக்கு அது காலியாகவே இருக்கும். வெளிநாட்டுக்குப் போகும்போது அந்தக் கட்டத்தில் எதையாவது எழுதியாக வேண்டும். அப்பா பேரை எழுதினார்கள். இப்போது அலுவலகத்தில் அவளை "மிஸ் ஏழுமலை" என்று கூப்பிடுகிறார்களாம். போன மாதம் பேசும்போது கேட்டாள்: "மாமா, இங்க ஒவ்வொருத்தரும் அவங்க பேருக்கு ஆயிரம் வருஷத்துக் கதை சொல்றாங்க. நமக்கு ஏன் குடும்பப் பேரே இல்ல?"

நமக்கு இல்லாமல் இல்லை. வைத்திருக்கிற இடம் வேறு.

அயர்லாந்துப் பேர்களில் முன்னால் வரும் ‘ஓ’, ‘மாக்’ இரண்டையும் எல்லோரும் கேள்விப்பட்டிருப்போம். ஓ'பிரையன், ஓ'கானர், மெக்கார்த்தி. மாக் என்றால் மகன். ஓ என்றால் பேரன். ஓ'பிரையன் என்றால் பிரையனின் பேரன், அவன் வழி வந்தவன். அந்தப் பிரையன் யார் என்றும் தெரியும்: பிரையன் போரு என்ற அரசன். 1014-இல் டப்ளினுக்கு அருகில் க்ளோன்டார்ஃப் போரில் இறந்தான். இங்கே ராஜராஜன் காலம் முடிந்து ராஜேந்திரன் ஆட்சிக்கு வந்த அதே வருஷம். ஐரோப்பாவில் பரம்பரைப் பேர் முதலில் நிலைபெற்ற நாடுகளில் அயர்லாந்து ஒன்று. 916-இல் இறந்த ஒரு சிற்றரசனுக்கே ஓ க்ளேரி என்ற பேர் பதிவாகியிருக்கிறது.

இப்போது நம் வீட்டுக்கு வாருங்கள். நாம் பேரன் என்கிறோமே, அது பெயரன். தாத்தாவின் பேரைத் தாங்குகிறவன். பேத்தி, பெயர்த்தி. உறவின் பேரிலேயே பேர் வைக்கும் முறையைப் பொதித்து வைத்த மொழி நம்முடையது. அவர்கள் ஒரு பாட்டனின் பேரை எடுத்து, அதற்கு முன்னால் ‘பேரன்’ என்று எழுதி, ஆயிரம் வருஷமாக நகராமல் நிறுத்தி வைத்தார்கள். நாம் பாட்டனின் பேரைப் பேரனுக்கே வைத்து, ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை திரும்ப வரவைத்தோம். மூத்த பையனுக்கு அப்பாவைப் பெற்றவர் பேர், அடுத்தவனுக்கு அம்மாவைப் பெற்றவர் பேர் என்பதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். அயர்லாந்துக் கிராமங்களிலும் இதே வரிசைதான் நெடுங்காலம் இருந்தது என்று தெரிந்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

இந்த வழக்கத்தில் எங்கள் ஊர்ப் பெண்களுக்கு ஒரு பெரிய சிக்கல் உண்டு. மாமனார் பேரை மருமகள் சொல்லக் கூடாது. புருஷன் பேரையும் சொல்லக் கூடாது. பெற்ற பிள்ளைக்கு மாமனார் பேர். அவள் எப்படிக் கூப்பிடுவாள்? அதனால்தான் வீட்டுக்கு வீடு ஒரு அப்பு, ஒரு தம்பி, ஒரு ராசு, ஒரு பெரியவன். பள்ளிக்கூடத்தில் ஒரு பேர், வீட்டில் ஒரு பேர். என் ஆயாவுக்குப் புருஷன் பேரும் ஏழுமலைதான். ரேஷன் கார்டுக்குக் கணக்கெடுக்க வந்தவர் திண்ணையில் உட்கார்ந்து "வீட்டுக்காரர் பேர் என்னம்மா?" என்று கேட்டார். ஆயா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, "ஆறுக்கு அடுத்தது" என்றாள். அவர் புரியாமல் பார்த்தார். ஆயா வடக்கே கையைக் காட்டி, "சாமி இருக்கிறது எதும்மேல?" என்று திருப்பிக் கேட்டாள். அவரும் எங்கள் பக்கத்துக்காரர்தான். ஏழுமலை என்று எழுதிக்கொண்டார். அந்தப் பேரை ஆயா தாத்தா செத்த பிறகும் சொல்லவில்லை. திருப்பதிக்குப் போனால்கூட ‘கோவிந்தா’தான் போடுவாள்.

கொளஞ்சியைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். விருத்தாசலத்தை ஒட்டிய மணவாளநல்லூரில் கொளஞ்சியப்பர் கோயில் இருக்கிறது. முருகன்தான், ஆனால் உருவம் கிடையாது; பலிபீடமே சாமி. கொளஞ்சிச் செடி மண்டிக்கிடந்த இடத்தில் ஒரு பசு தானாகப் பால் சொரிந்ததென்றும், அங்கே பார்த்தபோது பீடம் தெரிந்ததென்றும் தல வரலாறு. அந்தக் கோயிலில் பிராது கட்டுவார்கள். நகை களவு போனாலும், கொடுத்த கடன் திரும்பாவிட்டாலும், பங்காளி வரப்பை வெட்டினாலும், ஒரு தாளில் இன்ன ஊர், இன்னார் மகன் இன்னார் என்று முகவரியோடு எழுதி, சாமி முன்னால் வைத்துக் கும்பிட்டுவிட்டு, முனியப்பர் சந்நிதியில் கட்டிவிட்டு வருவார்கள். காரியம் முடிந்தால் மறுபடி போய்ப் பிராதை ராஜினாமா செய்ய வேண்டும். பிள்ளை இல்லாதவர்களும் வேண்டிக்கொள்வார்கள். பிறக்கிற பிள்ளை ஆணானால் கொளஞ்சி, கொளஞ்சிநாதன், கொளஞ்சியப்பன். பெண்ணானாலும் கொளஞ்சி, கொளஞ்சியம்மாள். ஒரு செடியின் பேர் சாமிக்குப் போய், சாமியிடமிருந்து எங்கள் ஊர் மனிதர்களுக்கு வந்திருக்கிறது. இந்தப் பேரை மதுரையிலோ கோவையிலோ சொன்னால் திரும்பச் சொல்லச் சொல்வார்கள். இங்கே ஒவ்வொரு தெருவிலும் ஒருவர் இருப்பார்.

பாவாடையும் அப்படித்தான். சென்னைக்குப் போய் இந்தப் பேரைச் சொன்னால் சிரிக்கிறார்கள் என்று எத்தனையோ பையன்கள் பேரை மாற்றிக்கொண்டார்கள். பாவாடைராயன் அங்காளம்மனின் காவல்தெய்வம்; மேல்மலையனூரில் அம்மனோடு நிற்கிறவர். அவர் பேரைச் சொல்லி ஒரு குடும்பம் பிள்ளைக்கு வைத்திருக்கிறது. அதில் சிரிக்க ஒன்றும் இல்லை. பச்சையப்பன், பச்சையம்மாள், மன்னாதன், முனியன், வாழ்முனி என்று பச்சையம்மன் கோயிலைச் சுற்றி ஒரு கூட்டம் பேர்கள். திரௌபதி அம்மன் கோயிலும் பதினெட்டு நாள் கூத்தும் உள்ள ஊர்களில் பாஞ்சாலை, தருமன், அர்ச்சுனன், சகாதேவன். பாரதக் கூத்தை இரவெல்லாம் பார்த்த சனங்கள் வைத்த பேர்கள் இவை.

சாமி பேரை மனிதனுக்கு வைப்பதில் நமக்கும் அயர்லாந்துக்காரர்களுக்கும் பெரிய வித்தியாசம் ஒன்று உண்டு. அவர்களுடைய கேலிக் மொழியில் மேரி மாதாவுக்கு ‘முரெ’ என்று தனிப் பேர். மற்ற பெண்களுக்கு ‘மாய்ரெ’. மாதாவின் பேரை மனிதப் பெண்ணுக்கு அப்படியே வைப்பதில்லை. பேட்ரிக் என்ற புனிதரின் பேரையும் நெடுங்காலம் நேராக வைக்காமல், ‘பேட்ரிக்கின் அடியான்’ என்றே வைத்தார்கள். அந்த அடியானுக்கு அவர்கள் சொல் ‘கில்லா’. நம் பாடப் புத்தகத்தில் 1806 வேலூர்ப் புரட்சியை அடக்க ஆற்காட்டிலிருந்து குதிரைப்படையோடு வந்த கர்னல் கில்லெஸ்பியைப் படித்திருப்பீர்கள். அவர் அயர்லாந்தில் டவுன் மாவட்டத்தில் பிறந்தவர். கில்லெஸ்பி என்ற பேருக்கு கேலிக் மொழியில் ‘பிஷப்பின் அடியான்’ என்று பொருள். நாமோ பெருமாளையே வீட்டுக்குள் கொண்டுவந்து, "டேய் கோவிந்தா, மாட்டை அவுத்துக் கட்டுடா" என்கிறோம். சாகும்போது மகனைக் கூப்பிட்டு "நாராயணா" என்றவனுக்கு மோட்சம் கிடைத்த அஜாமிளன் கதையை எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் இன்னும் நம்பிக்கையோடு சொல்கிறார்கள். பிள்ளைக்குச் சாமி பேர் வைத்தால் ஒரு நாளில் நூறு தடவை சாமியைக் கூப்பிட்ட மாதிரி.

நிறத்தைப் பார்த்து வைக்கிற பேர் இரண்டு பக்கமும் உண்டு. கியரான் என்றால் கருத்த பையன், நம் கருப்பன். ஃபின் என்றால் வெள்ளை, நம் வெள்ளையன். ஒரே பேரில் அப்பாவும் மகனும் இருந்தால் அவர்கள் பெரியவனுக்கு ‘மோர்’, சின்னவனுக்கு ‘ஓக்’ சேர்ப்பார்கள். நாம் பெரிய, சின்ன.

பிள்ளை தங்காத வீட்டுப் பேர்கள் மனதை அறுப்பவை. இரண்டு, மூன்று பிள்ளைகளைப் பறிகொடுத்த வீட்டில் அடுத்தது பிறந்ததும் குப்பையில் ஒரு புரட்டுப் புரட்டி எடுத்து, குப்பன், குப்பு, குப்பம்மாள் என்று வைப்பார்கள். யாரிடமாவது பிச்சையாகக் கொடுத்துத் திரும்ப வாங்கினால் பிச்சை, பிச்சைக்காரன். மூக்குக் குத்திவிட்டால் மூக்கன், மூக்காயி. இது யாருக்கும் வேண்டாத பிள்ளை, எமனே நீ எடுத்துக்கொண்டு போகாதே என்று அர்த்தம். தடுப்பூசியும் மருத்துவமனையும் எட்டாத காலத்தில் ஒரு தாய் தன் பிள்ளையைக் காப்பாற்றச் செய்த காரியம் அந்தப் பேர். குப்புசாமி என்ற பேரைக் கேட்டுச் சிரிக்கிறவர்களிடம் இதை ஒரு தடவை சொல்லிவிடுங்கள். போதும்பொண்ணு, வேண்டாம் என்று பெண் குழந்தைக்கு வைத்ததும் நம் மாநிலம்தான். அந்தப் பேரோடு ஒரு பெண் அறுபது வருஷம் நடமாட வேண்டும். அந்த வழக்கத்தை நான் எந்தக் காரணம் சொல்லியும் நியாயப்படுத்த மாட்டேன்.

பேருக்குப் பின்னால் வருவதைப் பற்றியும் பேச வேண்டும். எங்கள் வீட்டுப் பழைய பத்திரம் ஒன்றில் கவுண்டர், உடையார், ரெட்டியார் என்று ஒவ்வொருவர் பேருக்குப் பின்னாலும் ஒரு வால் இருக்கிறது. அதே பத்திரத்தில் எல்லை சொல்கிற இடத்தில், "இன்னான் மகன் இன்னான் பாத்திய நிலத்துக்கு மேற்கு" என்று ‘ன்’ விகுதியோடு ஒரு பேர் வரும். யாருக்கு ‘ஆர்’, யாருக்கு ‘ஆன்’ என்பதில் ஊரின் கொடுமை முழுவதும் தெரியும். சாமி என்று முடிகிற பேரைச் சேரிப் பிள்ளைக்கு வைத்தால் சண்டைக்கு வந்த காலமும், நரைத்த தலையைச் சின்னப் பையன் பேர் சொல்லி ‘வாடா’ என்று கூப்பிட்ட காலமும் இங்கே இருந்தன. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாநாடு, பேருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவதை விட வேண்டும் என்று தீர்மானம் போட்டது. சிவகங்கை ராமச்சந்திரன் அங்கேயே தன் பேரிலிருந்து சேர்வை என்பதை எடுத்துவிட்டார். இன்றைக்குத் தமிழ்நாட்டில் பேரோடு சாதியைச் சொல்லாதவர்கள்தான் மிகப் பெரும்பாலோர். இந்தியாவில் வேறு எந்த மாநிலமும் இந்த அளவுக்குச் செய்யாத காரியம் இது. எனக்கு இதில் பெருமை உண்டு.

அயர்லாந்தில் நடந்தது நேர் எதிர்த்திசையில். 1465-இல் ஒரு சட்டம் போட்டு, டப்ளினைச் சுற்றியுள்ள அயர்லாந்துக்காரர்கள் ஆங்கிலப் பேர் வைத்துக்கொள்ள வேண்டும் என்றார்கள்: ஓர் ஊரின் பேர், அல்லது நிறம், அல்லது தொழில், அல்லது உத்தியோகம். பின்னாளில் இங்கிலாந்தின் பிடி இறுகியபோது முன்னால் இருந்த ஓ, மாக் எல்லாம் உதிர்ந்தன. ‘கொல்லன் மகன்’ என்று பொருள்பட்ட கேலிக் பேர் ஸ்மித் ஆனது. 1893-இல் கேலிக் மொழிக்காக கேலிக் லீக் என்ற இயக்கம் தொடங்கிய பிறகுதான் பலர் தங்கள் பழைய ஓ-வைத் தேடி எடுத்துத் திரும்ப ஒட்டிக்கொண்டார்கள். அவர்களுக்குப் பேரில் ஒன்றை ஒட்டுவது சுயமரியாதை. நமக்குப் பேரிலிருந்து ஒன்றை வெட்டுவது சுயமரியாதை. ஓ என்பது தாத்தாவைச் சொன்னது. நம் வால் பக்கத்து வீட்டுக்காரனுக்கு மேலே நீ என்று சொன்னது. அதனால் அக்கா மகளிடம் குடும்பப் பேர் இல்லையே என்று ஏங்காதே என்றேன். அதை விட்டவர்கள் யோசித்துத்தான் விட்டார்கள்.

நம் பக்கம் தமிழ்ப் பேர் வந்ததும் அந்தச் சுயமரியாதைக் காலத்தை ஒட்டித்தான். வேதாசலம் மறைமலை ஆனார். நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனார். ராமையா அன்பழகன் ஆனார். அவர்களைப் பார்த்து எங்கள் ஊரிலும் இளங்கோவன், தமிழ்ச்செல்வி, பாரி, மணிமேகலை எல்லாம் பிறந்தார்கள். திருக்கோவிலூரை ஆண்ட மலையமான் திருமுடிக்காரியின் பேரால் காரி என்று யாரும் வைத்து நான் பார்த்ததில்லை. வைக்கலாம், நல்ல பேர். எறையூர் போன்ற கத்தோலிக்க ஊர்களில் இதற்கும் முன்னாலேயே ஒரு வேலை நடந்திருந்தது. பீட்டரை இராயப்பர் என்றும், பாலைச் சின்னப்பர் என்றும், ஜானை அருளப்பர் என்றும் தமிழாக்கிப் பிள்ளைகளுக்கு வைத்தார்கள். பைபிளிலிருந்து வந்த ஒரு சின்னப்பனும், குலசாமியிடமிருந்து வந்த ஒரு சின்னப்பனும் ஒரே வகுப்பில் உட்கார்ந்திருப்பார்கள்.

இனி மலைக்குப் போவோம். கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையைப் பார்த்துக்கொண்டே ஏறினால் கரியாலூர், வெள்ளிமலை. கல்வராயன் மலையில் பெரும்பாலோர் மலையாளிப் பழங்குடியினர். கேரளத்து மலையாளிகளுக்கும் இவர்களுக்கும் சம்பந்தம் இல்லை, பேசுவது தமிழ். மலையில் இருப்பவர் மலையாளி. இந்த ஒரு பேரால் வெளியூருக்குப் படிக்கப் போகிற பிள்ளைகள் "கேரளாவா?" என்ற கேள்விக்கு ஆயுசு முழுக்கப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

அவர்களுடைய பூர்வகதையை எட்கர் தர்ஸ்டன் 1909-இல் வெளிவந்த தன் புத்தகத்தில் பதிவு செய்திருக்கிறார். காஞ்சிபுரத்தில் இருந்த கரிராமன் என்ற தெய்வம் அங்கே இருக்கப் பிடிக்காமல் கிளம்பியது. மூன்று பேர் குடும்பத்தோடு பின்னாலேயே வந்தார்கள். பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன். ஆளுக்கொரு மலை. பெரியண்ணன் சேர்வராயனுக்கு, நடுவண்ணன் பச்சைமலைக்கு; சின்னண்ணனுக்கு எந்த மலை என்பதில் கதைக்குக் கதை வேறுபாடு உண்டு. ஒரு சனத்தின் மூதாதைகள் மூன்று பேருக்கும் தனிப் பேரே இல்லை, கவனித்தீர்களா. அண்ணன் தம்பி வரிசைதான் பேர். பிரையன் போரு மாதிரி ஒரு ராஜா இல்லை. மூத்தவன், நடுவில் பிறந்தவன், இளையவன். இன்றைக்கும் எங்கள் பக்கத்தில் பெரியசாமி, சின்னசாமி, சின்னத்தம்பி, சின்னப்பொண்ணு எல்லாம் அந்தக் கணக்குதான்.

மக்களுக்குக் குடும்பப் பேர் இல்லாத அந்த மலையில் நிலத்துக்கு மட்டும் ஆள் பேர் இருந்தது. சடையக்கவுண்டன் ஜாகிர், குரும்பக்கவுண்டன் ஜாகிர், ஆரியக்கவுண்டன் ஜாகிர். எங்கள் பக்கத்துக் கல்வராயனை இந்த மூன்று ஜாகிர்தாரர் குடும்பங்கள் வைத்திருந்தன. நாடு சுதந்திரம் அடைந்த பிறகும் அது தொடர்ந்தது. 1976-இல்தான் ஜாகிர்கள் அரசின் கைக்கு வந்தன. உழுகிறவன் பேர் எந்தக் காகிதத்திலும் இல்லாமல், மலை மொத்தமும் மூன்று கவுண்டர்களின் பேரில் இருந்த காலத்தைப் பார்த்தவர்கள் இன்னும் அங்கே உயிரோடு இருக்கிறார்கள்.

காகிதத்தில் உள்ள பேர் எவ்வளவு முக்கியம் என்பதற்கு மலையாளி என்ற பேரே சாட்சி. பழங்குடிப் பட்டியலில் தருமபுரி, வட ஆர்க்காடு, புதுக்கோட்டை, சேலம், தென் ஆர்க்காடு, திருச்சி மாவட்டங்களில் உள்ள மலையாளி என்று மாவட்டத்தோடு சேர்த்து எழுதியிருக்கிறார்கள். ஈரோடு மாவட்டத்துப் பர்கூர் மலையில் இருப்பவர்களும் மலையாளிகள்தான். அவர்கள் மாவட்டம் பட்டியலில் இல்லாததால் சான்றிதழ் இல்லை. எங்கள் பகுதி 1993 வரை தென் ஆர்க்காடு. பிறகு விழுப்புரம் ராமசாமி படையாட்சியார் மாவட்டம், பிறகு வெறும் விழுப்புரம், 2019 நவம்பரிலிருந்து கள்ளக்குறிச்சி. மாவட்டம் இத்தனை பேர் மாறியும், கல்வராயன் மலைப் பிள்ளையின் உரிமை இன்னும் தென் ஆர்க்காடு என்ற இறந்துபோன பேரில்தான் நிற்கிறது.

எங்கள் மாவட்டத்தில் தங்கள் பேரைத் தாங்களே வைத்துக்கொள்கிற ஒரு கூட்டமும் உண்டு. சித்திரையில் உளுந்தூர்பேட்டை பக்கம் கூவாகத்தில் கூத்தாண்டவருக்குத் தாலி கட்டிக்கொள்ள வரும் திருநங்கைகள். பெற்றவர்கள் வைத்த பேரை விட்டு, தனக்கென்று ஒரு பேரைத் தேர்ந்தெடுத்து, அரசிதழில் வெளியிட்டு, எல்லாச் சான்றிதழிலும் அதை ஏற்றுவது சின்ன வேலை இல்லை. நாமெல்லாம் கொடுத்த பேரை வாங்கிக்கொண்டவர்கள். அவர்கள் பேரைச் சம்பாதித்தவர்கள். அந்தப் பேரைச் சொல்லியே கூப்பிடுங்கள்.

அக்கா மகளுக்கு ஆவணியில் பிரசவம். அங்கே பிறப்புப் பதிவில் ஏழுமலை என்பதுதான் குழந்தைக்கும் குடும்பப் பேராக விழப்போகிறது. பத்தாம் நூற்றாண்டில் அயர்லாந்தில் ஒரு பாட்டனின் பேர் உறைந்துபோனதே, அது இப்போது எங்கள் வீட்டில் நடக்கிறது. மலேசியாவில் அனாக் லெலாக்கி, அனாக் பெரம்புவான் என்று மகன், மகளுக்கு மலாய்ச் சொல் போட்டு அப்பா பேரை எழுதுகிறார்கள். அதுவும் மாக் மாதிரிதான், ஆனால் தலைமுறைக்குத் தலைமுறை மாறிக்கொண்டே இருக்கிறது. அயர்லாந்தில் மாறாது. ஆயா வாயைத் திறந்து ஒரு தடவைகூடச் சொல்லாத அந்தப் பேரை, நூறு வருஷம் கழித்து டப்ளினில் யாரோ ஒரு பிள்ளை எழுத்துக்கூட்டிக்கொண்டிருக்கும்.

ஆனால் ஆயாவின் பேர்? அது எங்கேயும் போகவில்லை. வழக்கத்தில் இனிஷியலில் அம்மாவுக்கு இடம் இல்லை. அவள் அம்மாவுக்கு நிச்சயம் இல்லை. அயர்லாந்தின் மேற்குக் கடலோரக் கிராமங்களில் ஒரே குடும்பப் பேர் உள்ளவர்கள் நிறைய இருப்பதால், ஆளைப் பிரித்துச் சொல்ல அப்பா பேர், தாத்தா பேர் மட்டுமல்ல, அம்மா பேர், பாட்டி பேரையும் கோத்துச் சொல்வார்களாம். பிறக்கப்போகிற குழந்தைக்கு அப்படி ஒரு வரிசையைச் செய்து அனுப்பலாம் என்று அக்காவும் நானும் உட்கார்ந்தோம். அக்கா, அவளுக்கு மேலே எங்கள் அம்மா அலமேலு, அம்மாவைப் பெற்ற ஆயா பாஞ்சாலை, ஆயாவைப் பெற்றவள் கொளஞ்சி. அதற்கு மேலே எங்கள் இருவருக்கும் தெரியவில்லை. தெரிந்தவர் ஒருவர்தான் மிச்சம், சின்னசேலத்தில் இருக்கிற பெரியாயா. காது மந்தம், பேச்சு தெளிவு. வருகிற ஞாயிற்றுக்கிழமை நோட்டோடு போகிறோம்.